இரண்டு பாடம் கவிழும்போது எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது?

அக்டோபர் நடுவில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா மகன் டெக்சாஸிலிருந்து கூப்பிட்டான். “சித்தி, அம்மாகிட்ட இப்போ சொல்லாதீங்க” என்றுதான் பேச்சையே தொடங்கினான். அங்கே ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அந்த செமஸ்டரில் எடுத்திருந்த நாலு பாடங்களில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் கால்குலஸும் கையை மீறிப் போய்க்கொண்டிருந்தன. பாடத்தை நடுவிலேயே விட, அதாவது வித்ட்ரா செய்ய, கடைசி நாளுக்கு இரண்டு வாரம் இருந்தது. ரூம்மேட் சொல்லியிருக்கிறான்: “ரெண்டையும் விட்டுடு. டபிள்யூ விழுந்தா ஜி.பி.ஏ. குறையாது.”

டபிள்யூ என்பது பாடத்தை விட்டதற்கு மதிப்பெண் இடத்தில் விழும் குறி. அதனால் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. குறையாது என்பது உண்மைதான். ஆனால் இவன் படிப்பு ஓடுவது நிதியுதவியில். அத்தானுக்கு வேலை இல்லாமல் போன வருஷத்து வருமானக் கணக்கை வைத்து, திருப்பிக் கட்ட வேண்டாத மத்திய அரசு உதவியான பெல் கிராண்ட் கிடைத்தது. கூடவே மத்திய அரசின் டைரக்ட் லோன், மாநில அரசின் டெக்சாஸ் கிராண்ட். இந்தப் பணம் தொடர்ந்து வருவதற்கு ஜி.பி.ஏ. ஒரு நிபந்தனை மட்டும்தான். நியூ ஜெர்ஸியில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் அட்வைசிங் பிரிவில் ஏழு வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே வந்து உட்கார்ந்து அழுத பிள்ளைகளில் பலருக்கு ஜி.பி.ஏ. நன்றாகவே இருந்தது.

பெல் கிராண்ட், டைரக்ட் லோன் போன்ற மத்திய அரசுப் பணம் வாங்கும் மாணவர் படிப்பில் ஒழுங்காக முன்னேறுகிறாரா என்று கல்லூரி கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். கல்லூரி வட்டாரத்தில் இதைச் ‘சாப்’ என்பார்கள். முதலில் மதிப்பெண்: நாலு வருஷப் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடியும்போது சி சராசரி, அதாவது பெரும்பாலான இடங்களில் 2.0 இருக்க வேண்டும். அடுத்தது வேகம்: இதுவரை எடுத்த கிரெடிட்டில் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை) எத்தனையை முடித்திருக்கிறாய் என்பது. பல கல்லூரிகள் இதற்கு 67 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அந்த எண் வருவது மூன்றாவது விதியிலிருந்து. படிப்புக்கு எவ்வளவு கிரெடிட்டோ அதில் ஒன்றரை மடங்குக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அந்த விதி. 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட் வரை எடுத்துப் பார்க்கலாம். 180-இல் 120 என்பது மூன்றில் இரண்டு.

டபிள்யூ ஜி.பி.ஏ.வில் ஏறாது. ஆனால் ‘எடுத்தது’ கணக்கில் ஏறும், ‘முடித்தது’ கணக்கில் ஏறாது. ரூம்மேட்டுக்குத் தெரியாதது இதுதான்.

போனில் இருந்தபடியே அவனை டிரான்ஸ்கிரிப்ட்டைத் திறக்கச் சொன்னேன். முதலாண்டில் எடுத்தது 30 கிரெடிட், முடித்தது 21. மீதி ஒன்பதில் இரண்டு பாடம் டபிள்யூ, ஒரு பாடம் எஃப். வேகம் 70 சதவீதம். ஜி.பி.ஏ. 2.25; டபிள்யூ ஆறு போக 24 கிரெடிட்டுக்கு 54 தரப்புள்ளி (ஒரு கிரெடிட்டுக்கு ஏ என்றால் 4, சி 2, டி 1, எஃப் 0). இந்த செமஸ்டரில் 15 கிரெடிட். கெமிஸ்ட்ரி 4, கால்குலஸ் 4. மற்ற இரண்டில் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் ஏ வரும், நாலு கிரெடிட் பாடம் ஒன்றில் சி வரும் என்று அவன் உறுதியாகச் சொன்னான். சரி, அதை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

ரூம்மேட் சொன்னபடி இரண்டையும் விட்டால் ஜி.பி.ஏ. 2.39 ஆக ஏறுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது. வேகமோ 45-க்கு 28, அதாவது 62 சதவீதம். வரம்புக்குக் கீழே. இரண்டிலும் உட்கார்ந்து இரண்டிலும் எஃப் வாங்கினால் வேகம் அதே 62, ஜி.பி.ஏ. 1.90. இரண்டு பக்கமும் அடி. ஆனால் கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு, அந்த நேரத்தையும் கால்குலஸில் போட்டு அங்கே வெறும் டி வாங்கினால்கூட வேகம் 45-க்கு 32, அதாவது 71 சதவீதம், ஜி.பி.ஏ. 2.23. இரண்டுமே தப்பிக்கின்றன.

இதைக் கேட்டதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. டி என்றால் அவமானம் என்று நம் வீடுகளில் வளர்கிற பிள்ளைகள் நினைக்கிறார்கள். டி வருவதற்குள் ஓடிவிட வேண்டும், டபிள்யூ வாங்கினால் மானம் தப்பும் என்று கணக்குப் போடுகிறார்கள். நிதியுதவி ஆபீஸின் கணக்கில் பெரும்பாலான இடங்களில் டி என்பது முடித்த பாடம், டபிள்யூ என்பது முடிக்காத பாடம். ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: பல துறைகள் முக்கியப் பாடங்களில் சி கேட்கும். டி வாங்கினால் அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க நேரலாம். பாஸான பாடத்தை ஒரே ஒரு முறை திரும்ப எடுப்பதற்கு மத்திய உதவி கிடைக்கும். பழைய மதிப்பெண்ணைக் கல்லூரி ஜி.பி.ஏ.விலிருந்து தூக்கினாலும் வேகக் கணக்கில் இரண்டு தடவையும் ‘எடுத்தது’தான்.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அப்புறம் பேசினோம். என் கருத்தில் இதற்குப் பிடித்த பாடம், பிடிக்காத பாடம் என்று பார்க்கக் கூடாது. மிச்சம் இருக்கிற மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கால்குலஸில் இன்னும் ஒரு தேர்வும் இறுதித் தேர்வும் சேர்த்துப் பாதிக்கு மேல் மதிப்பெண் பாக்கி இருந்தது. கெமிஸ்ட்ரியில் லேப் அறிக்கைகளே மூன்று போகாமல் கிடந்தன. அங்கே ஏறி வர இடம் இல்லை.

‘ஐ’ வாங்கலாமே என்று கேட்டான். இன்கம்ப்ளீட் என்பது பெரும்பகுதி வேலையை முடித்தவர்களுக்கு, கடைசியில் ஒரு தேர்வோ ஒரு கட்டுரையோ நோயால், சாவு வீட்டால் தவறிப்போனவர்களுக்கு. பேராசிரியர் சம்மதிக்க வேண்டும். ‘ஐ’ இருக்கும் வரை பெரும்பாலான கல்லூரிகள் அதையும் எடுத்தது, முடிக்காதது என்றே வைக்கும். குறித்த தேதிக்குள் முடிக்காவிட்டால் அது தானாக எஃப் ஆகிவிடும். பாதிப் பாடம் புரியாமல் நிற்பவனுக்கு ‘ஐ’ என்பது தள்ளிப்போட்ட எஃப். நுரையீரல் தொற்றில் நவம்பரில் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பெண்ணுக்கு அது உயிர் காத்தது; அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு தேர்வு.

செமஸ்டரையே மொத்தமாக விட்டுவிட்டு ஜனவரியில் புதிதாகத் தொடங்கினால் என்ன என்பது அவன் மனசில் இருந்த இன்னொரு யோசனை. இதில்தான் எனக்குப் பயம் அதிகம். செமஸ்டர் நாட்களில் 60 சதவீதம் தாண்டும் முன் முழுதாக விலகினால், அதுவரை இருந்த நாட்களின் விகிதத்துக்குத்தான் மத்திய உதவி உனக்குச் சொந்தம். 100 நாள் செமஸ்டரில் 40-ஆவது நாள் விலகினால், 6,000 டாலர் உதவியில் 2,400 டாலர்தான் உன்னுடையது. மீதி 3,600 திரும்பப் போக வேண்டிய பணம். அதில் தன் பங்கைக் கல்லூரி 45 நாளுக்குள் திருப்பி அனுப்பிவிட்டு, கட்டணம் கட்டவில்லை என்று உன் பெயரில் பில் எழுதும். 60 சதவீதம் தாண்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேகம்? இவனுக்கு 45-க்கு 21, அதாவது 47 சதவீதம் ஆகியிருக்கும். மூன்றில் இரண்டுக்குத் திரும்ப இன்னும் 27 கிரெடிட்டை ஒன்றுவிடாமல் பாஸ் செய்ய வேண்டும். ஏறக்குறைய ஒரு வருஷப் படிப்பு. இரண்டு பாடத்தை மட்டும் விட்டிருந்தால் ஆறு, ஏழு கிரெடிட்டில் மீண்டிருக்கலாம்.

உடம்போ மனசோ நிஜமாகவே முறிந்து நிற்கும் பிள்ளைக்கு மொத்தமாக விலகுவதுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது டாக்டர் காகிதத்தை அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், உதவியைத் திரும்பக் கேட்கும் அப்பீலுக்கு அது வேண்டும். மற்றபடி இரண்டு பாடத்தின் பயத்துக்காக நாலு பாடத்தையும் விடுவது கூடவே கூடாது.

இன்னொன்றையும் பிள்ளைகள் செய்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். செமஸ்டர் முடிவில் எல்லாப் பாடத்திலும் எஃப் விழுந்தால், இவர் கடைசி வரை வந்தாரா என்று கல்லூரி விசாரிக்கும். நடுவிலேயே நின்றுவிட்டார் என்று தெரிந்தால் சொல்லாமல் விலகியவராக வைத்துப் பணத்தைத் திருப்பக் கணக்குப் போடும். எஃப்பும் விழும், வேகமும் போகும், கடனும் வரும். எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான்.

இதுவரை சொன்னது மத்திய அரசின் கணக்கு. மாநிலப் பணத்துக்குக் கணக்கு வேறு, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இதைத் தெரியாமல் வேறு மாநிலத்து உறவினர் சொன்ன அறிவுரையைக் கேட்டு நடந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் கல்விக் கட்டண உதவியான டாப்பில், எடுத்த பாடத்தைத் தொடர்ந்து முடிக்கிறாயா என்று பார்க்கும் ஒரு விதி உண்டு. அந்த விதிக்கு எஃப் வாங்கினாலும் பாடத்தை முடித்ததாகவே கணக்கு. டபிள்யூ வாங்கினால் கணக்கில் வராது. அதாவது அங்கே சில சமயம் டபிள்யூவை விட எஃப் மேல்! ஃபுளோரிடாவின் பிரைட் ஃபியூச்சர்ஸ் ஸ்காலர்ஷிப்பில் படிப்பவர், செமஸ்டர் தொடக்கத்தில் பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் தரும் கடைசித் தேதிக்குப் பின் ஒரு பாடத்தை விட்டால், அந்தப் பாடத்துக்குக் கிடைத்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு ஜி.பி.ஏ. 3.0, ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப்புக்கு 3.3, எடுத்த கிரெடிட் 30, 60, 90 ஆகும்போது பார்ப்பார்கள். ஆல்ஃபரெட்டா, கம்மிங் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இந்த எண்கள் மனப்பாடமாக இருக்கும்.

டெக்சாஸ் கிராண்ட்டுக்கு முதலாண்டில் கல்லூரியின் சாப் விதி போதும். அதன் பிறகு வருஷத்துக்கு 24 கிரெடிட் முடிக்க வேண்டும், எடுத்ததில் 75 சதவீதம் முடிக்க வேண்டும், ஜி.பி.ஏ. 2.5 வேண்டும். இவனுக்குப் பெல் கிராண்ட் தப்பினாலும் இது போய்விடக்கூடும். இரண்டையும் விட்டால் இந்த செமஸ்டரில் கிடைப்பது 7 கிரெடிட். அடுத்ததில் 17 முடித்தால்தான் 24 ஆகும். கெமிஸ்ட்ரியை மட்டும் விட்டால் 13 போதும். டெக்சாஸில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2007 இலையுதிர் காலத்திலிருந்து அரசுக் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்ந்தவர்கள் பட்டப் படிப்புக் காலம் முழுவதிலும் ஆறு பாடங்களைத்தான் விட முடியும். இவன் ஏற்கெனவே இரண்டை விட்டவன். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது.

கெமிஸ்ட்ரியை விட்டால் 15 கிரெடிட்டில் 4 போய் 11 ஆகும். முழுநேர மாணவர் என்றால் குறைந்தது 12. பாதி நேரம், அதாவது 6 கிரெடிட்டாவது இருக்கும் வரை லோன் தகுதி போகாது. பெல் தொகையை ஒரு தேதியோடு கல்லூரி உறுதி செய்துவிடும். பாடம் தொடங்கி, அந்தத் தேதியும் தாண்டியபின் ஒரு பாடத்தை விட்டால் அந்த செமஸ்டர் தொகை பொதுவாகக் குறையாது. ஆனால் கல்லூரியே கொடுக்கும் ஸ்காலர்ஷிப் பல 12 கிரெடிட்டை முடிக்கச் சொல்லும். அவனுடைய அனுமதிக் கடிதத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். இல்லை. இருந்திருந்தால் செமஸ்டரின் இரண்டாம் பாதியில் தொடங்கும் எட்டு வாரப் பாடம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன்.

எஃப்-1 விசாவில் படிக்க வந்த பிள்ளைகளுக்கும், கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பங்களின் எச்-4 பிள்ளைகளுக்கும் பெல் கிராண்ட்டும் மத்திய லோனும் கிடையாது. அதனால் சாப் கவலை அவர்களுக்கு இல்லை. ஆனால் எஃப்-1 மாணவர் சர்வதேச மாணவர் ஆபீஸின் முன் அனுமதி இல்லாமல் 12-க்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். அவர்கள் ஒரு பாடத்தை விடும் முன் போக வேண்டிய முதல் இடம் அந்த ஆபீஸ்.

சரி, வரம்புக்குக் கீழே விழுந்தே விட்டால்? ஒவ்வொரு செமஸ்டரும் கணக்குப் பார்க்கும் கல்லூரி என்றால் முதல் தடவை எச்சரிக்கை கொடுத்து ஒரு செமஸ்டர் பணத்தை ஓட விடலாம், அதற்கு விண்ணப்பம் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் பார்க்கும் கல்லூரியில் அந்த எச்சரிக்கை வசதி கிடையாது. உன் கல்லூரி எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்ள இணையதளத்தில் சாப் கொள்கையைப் பத்து நிமிஷம் படித்தால் போதும்.

அதற்கும் பிறகு இருக்கும் வழிகளில் நான் முதலில் வைப்பது அப்பீல். நெருங்கிய உறவினர் மரணம், தனக்கு வந்த நோய் அல்லது காயம், இவை போன்ற தனிப்பட்ட சூழ்நிலை ஆகியவற்றை ஏற்றுக்கொள்வார்கள். கடிதத்தில் இரண்டு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் முதல் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதுவார்கள், இரண்டாவதற்கு “இனி கடினமாக உழைப்பேன்” என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த ஒரு வரியில்தான் அப்பீல் விழும். வாரத்துக்கு 25 மணி நேர வேலையை 10 ஆகக் குறைத்துவிட்டேன், டியூட்டரிங் மையத்தில் செவ்வாய், வியாழன் பதிந்திருக்கிறேன், கவுன்சிலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுத வேண்டும். ஊரில் பாட்டி இறந்து, செமஸ்டர் நடுவில் இரண்டு வாரம் போய் வந்ததைக் காரணமாகச் சொல்லலாமா என்று ஒரு மாணவி கூச்சத்தோடு கேட்டாள். தாராளமாகச் சொல்லலாம். இறப்புச் சான்றிதழும் விமான டிக்கெட்டும் இணைத்தாள், ஒப்புக்கொண்டார்கள். மனச்சோர்வை எழுதவும் வீட்டில் தடுக்கிறார்கள். கல்லூரிக் கோப்பில் ஏறிவிடும், பின்னால் கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு அம்மா என்னிடமே சொன்னார். அந்தக் கோப்பு வெளியே போகாது.

கையில் காசு இருந்தால் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் சொந்தச் செலவில் இரண்டு பாடம் எடுத்து மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. மாற்றி வந்து ஏற்கப்பட்ட கிரெடிட் வேகக் கணக்கில் எடுத்தது, முடித்தது இரண்டிலும் ஏறும். ஜி.பி.ஏ.வைப் பெரும்பாலும் தொடாது. எனவே வேகத்தில் மட்டும் விழுந்தவர்களுக்கு இது அருமையான மருந்து, ஜி.பி.ஏ.வில் விழுந்தவர்களுக்குப் பயன் குறைவு. எண்ணையும் சரியாகப் பார்க்க வேண்டும். 45-க்கு 28-இல் நிற்பவன் ஆறு கிரெடிட் கொண்டுவந்தால் 51-க்கு 34, மிகச் சரியாக மூன்றில் இரண்டு. 66.67 என்று எழுதியிருக்கும் கல்லூரியில் பாஸ். 67 என்று எழுதி அதையே கறாராகப் பிடிக்கும் கல்லூரியில் மயிரிழையில் தோல்வி, ஏழாவது கிரெடிட் வேண்டும்.

ஒரு செமஸ்டர் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்புபவர்கள் உண்டு. அழியாது. சும்மா இருப்பதாலோ, ஒரு செமஸ்டருக்குச் சொந்தப் பணம் கட்டுவதாலோ மட்டும் உதவி திரும்பாது. அந்த எண்கள் ஏற வேண்டும், அல்லது அப்பீல் ஜெயிக்க வேண்டும். இந்த நேரத்தில் பாதி நேரத்துக்கும் கீழே போனால் லோனைத் திருப்பிக் கட்டத் தொடங்கும் முன் தரும் ஆறு மாத அவகாசமும் ஓடத் தொடங்கிவிடும். கல்லூரி மாறுவது கடைசி வழி. புதிய கல்லூரி தன் விதிப்படி, தான் ஏற்றுக்கொண்ட கிரெடிட்டை வைத்துப் பார்க்கும் என்பதால் சிலருக்கு அது நிஜமாகவே மறுவாழ்வு. ஆனால் டி வாங்கிய பாடங்களைப் பலரும் ஏற்பதில்லை. வாழ்நாளுக்கு 12 செமஸ்டர் என்ற பெல் கணக்கும் எங்கே போனாலும் கூடவே வரும்.

அக்காவிடம் சொல்வதா என்ற விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளையின் மதிப்பெண்ணை, அவன் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்குச் சொல்லக் கல்லூரி தயங்கும். 1974-இல் வந்த ஃபெர்பா சட்டம் அப்படி. கட்டணம் கட்டுகிற அப்பா அம்மாவுக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் பிள்ளை தானாக வந்து சொல்லும்படி வீடு இருந்தால் அந்தச் சட்டம் யாரையும் பாதிக்காது. அன்றைக்கு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: முடிவை நீ எடு, எடுத்த மறுநாள் அம்மாவிடம் நீயே சொல்.

மறுநாள் காலை நிதியுதவி ஆபீஸுக்குப் போய், “கெமிஸ்ட்ரியை விட்டால் என் மூன்று உதவிகளுக்கும் என்ன ஆகும்” என்று கேட்டு, பதிலை இமெயிலில் வாங்கிக்கொண்டான். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்பு பாடத்தை விட்டான். தேங்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்குப் போனபோதுதான் அம்மாவிடம் சொன்னான், மறுநாள் இல்லை. அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கால்குலஸில் சி வந்தது. இப்போது 45-க்கு 32, ஜி.பி.ஏ. 2.34. இந்த செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்திருக்கிறான், அதில் 13 முடித்தால் 24 ஆகிவிடும். 2.5-ஐத் தொட 15-இலும் சேர்த்துச் சராசரி 2.87 வேண்டும். அந்த எண்ணைச் சின்னக் காகிதத்தில் எழுதி லேப்டாப்பில் ஒட்டியிருக்கிறான். கெமிஸ்ட்ரியைக் கோடைக்குத் தள்ளியிருக்கிறான், அப்போது அந்த ஒரு பாடம் மட்டும்.